இலைகள் அடைத்ததாகச் சொன்னோம்

அன்புள்ள மிரானுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு ஒக்ஜு டீச்சர் எழுதுவது. இங்கே நான் சுகம், வலது முழங்கால் மட்டும் மழை வந்தால் என் பேச்சைக் கேட்பதில்லை. சாவோ பாவுலோவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதுவுமில்லாமல் உறைக்குள் ஒரு காகிதம் வைக்கவேண்டியிருக்கிறது.

பெரிய வெள்ளம் எந்த வருடம் என்று டீச்சர் கேட்கிறார். எண் எனக்கு நிற்காது. நம் ஊர் ஒலிம்பிக் முடிந்து இரண்டாம் வருடம், வடகொரியப் பிரதமர் முதல்முறையாக சியோலுக்கு வந்துபோன அதே வாரக் கடைசி, நீ இரண்டாம் வகுப்பு. அந்தக் கோடை முழுக்க நம் கீழ்ச்சந்தில் மூக்கைத் திறந்துவைக்க முடியவில்லை. மேட்டுச்சந்துக்குக் கழிவுக்கு ஒரு குழாய், மழைக்கு ஒரு குழாய். நமக்கு இரண்டுக்கும் சேர்த்து ஒன்று, அதுவும் ஒல்லிக்குழாய். வீட்டு வாசலில் இருக்கும் மழைநீர்க் கம்பி மூடி வழியாக நாற்றம் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும். நான்தான் வீடு வீடாகத் தரைக்கு மஞ்சள் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டுகிறவனாயிற்றே, மிச்சத் துண்டுகள் வீட்டில் குவிந்து கிடந்தன. ஒன்றை வெட்டி நம் வாசல் மூடி மேல் போட்டேன், நாற்றம் நின்றது. அரிசிப் பலகார மில் போங்னே அக்கா பார்த்துவிட்டு, “மிரான் அப்பா, உங்க மூக்கு மட்டும்தான் மூக்கா, எங்களது என்ன கத்தரிக்காயா?” என்று கேட்டாள். அவளுக்கும் ஒன்று வெட்டினேன். ஒரு வாரத்தில் கீழ்ச்சந்து முழுக்க மஞ்சள் மூடிதான். அப்புறம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. தண்ணீர் போகவேண்டிய வாய் எல்லாவற்றையும் நாமே பொத்திவைத்திருக்கிறோம், எங்கே போகும்? போங்னே அக்காவின் சோயாவிழுதுச் சாடி சந்தில் படகுபோல் போகிறது, அவள் பின்னாலேயே திட்டிக்கொண்டு போகிறாள். சந்துத் தலைவர் தாக் புதுக் கலர் டிவியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார், ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்க மறந்துவிட்டார், அது இழுக்க டிவியோடு மல்லாந்து விழுந்தார். நான் மார்பளவுத் தண்ணீரில் முங்கி முங்கி ஒவ்வொரு விரிப்பாக உருவி எடுத்தேன். உயிர்ச்சேதம் இல்லை, அது நம் அதிர்ஷ்டம்.

மறுநாள் நகராட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எதனால் அடைத்தது என்று கேட்டபோது தாக் கண்ணை இமைக்காமல் “இலைங்க சார், மரத்து இலைங்க” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நான்தான் முதலில் ஆட்டினேன், எனக்காகத்தானே அந்தப் பொய். செப்டம்பரில் ஏது அவ்வளவு இலை என்று அந்த ஆளும் கேட்கவில்லை. அவன் எழுதிக்கொண்டு போனதன் பலன், வருடாவருடம் இலையுதிர்காலத்தில் ஒரு துடைப்பக்காரர் வந்துபோனார். நமக்கு வந்திருக்கவேண்டிய, வெள்ளத்தை இறைக்கும் பம்பு வேறு இடத்துக்குப் போனது. நான்கு வருடம் முன்னால் மறுபடி தண்ணீர் வந்ததே, நம் வீட்டுக்கு அடியில் பாதி புதைந்திருக்கும் அறையில் ஜன்னல் வரைக்கும் ஏறியது. இப்போது அங்கே பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனும் அவன் மனைவியும் குடியிருக்கிறார்கள், ஐந்து மாதக் குழந்தை. மேகம் கறுத்தால் அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்துவிடுவாள், நானும் கிம்ச்சி அடை சுட்டுப் போடுவேன், நாங்கள் மூவரும் மழையை வேடிக்கை பார்ப்போம். குழந்தை நன்றாகக் கொழுத்திருக்கிறது.

சங்கதிக்கு வருகிறேன். நிலத்துக்கு அடியில் பெரிய மழைநீர்த் தொட்டி ஒன்று கட்டப்போகிறார்கள், ஒன்றே ஒன்று. மேட்டுச்சந்து அடுக்குமாடி வாசலிலா, நம் சந்து விளையாட்டுத் திடலுக்கு அடியிலா என்று போன செவ்வாய்க்கிழமை கூட்டம் போட்டார்கள். அடுக்குமாடிச் சங்கத் தலைவர் நாம்குங் பெரிய பெரிய போட்டோவாகக் காட்டினார், கார் டயர் நனைந்த போட்டோ. “கீழ இருக்குறவங்களுக்கு இல தான பிரச்சன, கூட்டிப் பெருக்குனா சரியாப் போச்சு” என்று வேறு சொன்னார். அலுவலகத்துப் பதிவிலும் அப்படித்தான் இருக்கிறதாம், வாசித்தே காட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. கையை ஊன்றி எழுந்து, இல இல்லீங்க, நான்தான் என்று சொல்லிவிட்டேன். நாம்குங் துள்ளிக் குதித்தார், “பாத்தீங்களா, அவங்களே மூடிட்டு அவங்களே தொட்டி கேக்குறாங்க!” காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் தொட்டிக்கு இடம் பார்க்க வந்திருந்த பெண் பொறியாளர் பேனாவை எடுத்துக்கொண்டு, “இருங்க சார். தாத்தா, எதுக்கு மூடுனீங்க?” என்றாள். நாத்தம் தாங்கலம்மா என்றேன். “எந்த வீட்ல ரொம்ப நாத்தம்?” என்றாள். அதுதான் எனக்கு அத்துப்படி ஆயிற்றே. முதல் வீட்டுக்கு ஒரு சாண் துண்டு, பேருக்குத்தான். சலவைக்கடைக்கு ஒரு முழம். தாக் வீட்டுக்கு இரண்டு முழம். போங்னே அக்காவுக்கு மூன்று முழம் இரண்டு மடிப்பு, அதுவும் போதாமல் மேலே அம்மிக்கல் மாதிரி ஒரு கல். திடல் ஓரத்து நாலு வீட்டுக்கும் மூன்று மடிப்பு. தரை ஒட்டியவன் என்பதால் எந்த வீட்டுத் தரை எத்தனை விரல் தாழ்வு என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தாள். எல்லாப் புள்ளியும் திடலைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல் மொய்த்தது. கழிவு எங்கே தேங்குகிறதோ அங்கேதான் நாறும், மழையும் அங்கேதான் தேங்கும் என்று அவள் எல்லோருக்கும் சொன்னபோது நாம்குங் தன் போட்டோக்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

என்றாலும் முடிந்துவிடவில்லை. “ஒருத்தர் சொன்னத மட்டும் வச்சு பழைய பதிவ மாத்த முடியாது தாத்தா, அன்னைக்கு அந்த மூடிகளக் கண்ணால பாத்த இன்னொருத்தரும் எழுதிக் குடுக்கணும், இந்த மாசக் கடைசிக்குள்ள” என்றாள். என் பங்குக்கு எழுதி, என் பெயர் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டேன். இன்னொரு படிவம்தான் உறைக்குள் இருப்பது.

பேரனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தனியாக விடாதே. தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடக்காமல் நடுநடுவே எழுந்து நட. மாப்பிள்ளைக்குக் காரம் குறைத்துச் சமை, அவர் வயிறு நல்ல வயிறு இல்லை. நீங்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல், கூரைக்குக் கீழே காய்ந்த தரையில் நீண்ட நாள் இருக்கவேண்டும், அதுதான் என் ஆசி. படிவத்தைத் தள்ளிப்போடாதே, பார்த்ததைப் பார்த்தபடி எழுது, அப்பா செய்த தப்பைப் பூசி மெழுகாதே. சலவைக்கடைக்காரர் போய் இருபது வருடம் ஆகிறது, தாக் போய் பன்னிரண்டு, உன் அம்மா போய் ஆறு, போங்னே அக்காவும் போன வசந்தத்தில் போய்விட்டாள். நான் வெட்ட வெட்ட விரிப்பு நகராமல் மேலே உட்கார்ந்திருந்தவள் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறாள், அவள் பெயர் பியான் மிரான்.

அப்பா