செல்வி டிபன் கடைக்கு லைசென்ஸ்

மஸ்கட்

அன்புள்ள செல்விக்கு,

மாதா புண்ணியத்துல நான் இங்க நல்லா இருக்கேன். உப்புத் தண்ணியில வெடிச்ச உன் பாதம் ஆறிடுச்சா? அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்குது?

நம்ம டிபன் கடைக்கு லைசென்ஸ் வந்திடுச்சு! ரூம்ல உக்காந்து செல்லுலயே அப்ளை பண்ணி பணமும் கட்டிட்டேன். ஓடிபி கேட்டு போன் போட்டா, "யார் கேட்டாலும் சொல்லக்கூடாதாம், நீங்க கேட்டாலும்தான்"னு கட் பண்ணினியே! கல்யாணச் சேலை என்ன கலர்னு நான் சரியா சொன்னப்புறம்தான் நம்பினே. ரூமே சிரிச்சுது.

நடுவுல ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. பயப்படாதே, போட்டோதான் பிரச்சினை. உப்பளத்துல நின்னு நீ எடுத்து அனுப்பினதுல, உப்பு வெளிச்சத்துல உன் மூஞ்சியே தெரியல. அதனால அதை ஏத்தாம, என் பெட்டியில இருக்கிற கல்யாண போட்டோவைச் செல்லுல படம் எடுத்து, உன்னை மட்டும் வெட்டி ஏத்தினேன். ஓரத்துல என் தோள் கொஞ்சம் இருந்திருக்குது. 'படத்தில் வேறு நபர் உள்ளார்'னு எழுதிட்டாங்க. நான் வேறு நபராம்! அப்புறம் என்னைச் சுத்தமா வெட்டிட்டு அனுப்பினேன், ஒத்துக்கிட்டாங்க.

லைசென்ஸை பிரிண்ட் எடுத்து, இந்த லெட்டரோட, லீவுக்கு ஊருக்கு வர்ற கூனிமேடு ஜாபர் பாய்கிட்ட கொடுத்தனுப்புறேன். அவர் திரும்பும்போது குழம்புத் தூளும் நம்ம பழைய போர்வையும் கொடுத்துவிடு. இங்க ஏசி ரொம்ப குளிருது. புதுசு வாங்கிக்கோங்கன்னு மட்டும் சொல்லாதே.

வண்டி வந்திடுச்சு, டூட்டிக்குக் கிளம்புறேன். லைசென்ஸை எல்லார் கண்ணுலயும் படற மாதிரி கடையில மாட்டு. பக்கத்துலயே இன்னொரு ஆணியும் அடிச்சு வை. வெட்டாத போட்டோவை நானே கொண்டு வந்து மாட்டுறேன்.

உன்
ஜெயசீலன்