கேட்பதை முதல் வரியில்

அன்புள்ள என் மதினிக்கு,

கடைசி பஸ் மறுபடி ஊருக்குள் வந்துவிட்டது. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், இல்லையா?

வார்டு மெம்பரான நாளிலிருந்து அதற்காக மனு எழுதி எழுதி என் கை ஓய்ந்தது உங்களுக்குத் தெரியும். அருப்புக்கோட்டையிலிருந்து வரும் பஸ், ஊருக்குப் பாதை பிரியும் விலக்கிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். மில் வேலை முடிந்து வரும் உங்கள் மகள் செல்வி, கருவேலங்காட்டு வழியே இருட்டில் நடந்து வருவாள். அவள் வந்து சேரும்வரை நீங்கள் வாசலில் நிற்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அங்கே நான் நிற்கிறேன். கால் எப்படி வலித்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

என் மனு 'மாண்புமிகு' என்று தொடங்கி, ஊர்ப் பெருமை, மழை பொய்த்த கதை எல்லாம் சொல்லி, மூன்றாம் பக்கத்தில்தான் பஸ்ஸுக்கு வரும். நீங்கள் மல்லி புடைத்துக்கொண்டே கேட்பீர்கள்.

"இம்புட்டு நேரம் வாசிச்சியே தாயி, ஒனக்கு என்னதான் வேணும்?"

"பஸ்ஸு வேணும் மதினி."

"அப்ப அத மொதல்ல எழுது. நீ அங்க வர்றதுக்குள்ள ஆபீசரு டீ குடிக்கப் போயிருவாரு."

"மரியாதை வேணாமா?"

"அதுக்கு ஒரு வணக்கம் பத்தாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு வார்த்தையும் வெட்டமாட்டேன்.

போன மாதம் மனசே இல்லாமல், நீங்கள் சொன்னபடி எழுத உட்கார்ந்தேன். 'கடைசி பஸ் எங்கள் ஊருக்குள் வர வேண்டும்' என்று தொடங்கினேன். பிறகு, யார் நடக்கிறார்கள், எவ்வளவு தூரம் என்பது மட்டும். வாய்விட்டு வாசித்து, மூச்சு வாங்கிய இடத்தில் வரியை இரண்டாக்கினேன். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை அடித்தேன். அரைப் பக்கம்கூட மிஞ்சவில்லை. அதிகாரி என் கண்முன்னே முழுதும் வாசித்துவிட்டு, "எந்த விலக்கும்மா?" என்றார். இத்தனை நாளில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நேற்று செல்வி ஊருக்குள்ளேயே வந்து இறங்கினாள். நான் வாசலில் நிற்கிறேன், அவள் கண் என்னைத் தாண்டித் தேடுகிறது. அவளுக்கு என்ன சொல்வது மதினி?

அலுப்பாக இருக்கிறது. அடுத்து குடிதண்ணீருக்கு எழுத வேண்டும். யாரிடம் வாசித்துக் காட்டுவேன்?

பஸ் வந்தாலும் வராவிட்டாலும் செல்விக்காக வாசலில் நிற்பேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பாருங்கள், இதிலும் கேட்க வேண்டியதைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன். எனக்கு நீங்கள் வேண்டும் மதினி.

உங்கள் நாத்தனார்,
ராஜாத்தி