அந்த வீட்டை யோசித்தது நீங்கள், அக்கா

என் சரோஜா அக்காவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனாலும் வாய் அதைத்தான் கேட்கிறது. மஞ்சக்காமாலை உங்களைக் கொண்டுபோய் இரண்டு வருசம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உங்களை நினைத்தால் அழுகை வரும். இப்போது ஆத்திரம்தான் வருகிறது. அதை வேறு யாரிடம் கொட்டுவேன்?

நம்ம பெரிய டாக்டருக்கு விருது கொடுத்தார்கள் அக்கா. எதற்குத் தெரியுமா? நிறைமாச வீட்டுக்கு!

மலைமேல் எடப்புளி நாட்டில் ரோடு போகாத ஊர்களுக்கு நாம் இரண்டு நர்சுகளும் நடந்தே போனதை அவர் எங்கே பார்த்தார்? வலி கண்ட பிறகு தூளி கட்டித் தூக்கி வந்தால் பாதி வழியிலேயே பிரசவமாகிவிடுகிறது, நிறைமாசத்திலேயே கூட்டி வந்து ஆஸ்பத்திரிப் பக்கத்தில் தங்க வைத்தால் என்ன என்று கேட்டது நீங்கள். காலியாகக் கிடந்த ஓட்டு வீட்டைக் கேட்டு வாங்கியதும் நீங்கள். அப்போதும் ஒருத்தியும் வரவில்லை. ஏன் என்று ஊடு ஊடாகப் போய்க் கேட்டு நோட்டில் எழுதியது நான். அம்மாவோ மாமியாரோ கூட இருக்க வேண்டும், அவர்கள் கையால் களி கிண்டிப் போட வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. நாம் மண் குழைத்துப் பின்பக்கம் அடுப்புப் போட்டோம். அதற்கப்புறம்தான் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்தார்கள்.

சேந்தமங்கலத்தில் கல்யாண மண்டபம் பிடித்து விழா. "மலைப் பெண்களோட மனசப் புரிஞ்சுக்கிட்டு நான் உருவாக்கின திட்டம் இது" என்று மைக்கில் பேசினார். பொன்னாடைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது யார்? நான்தான்.

இறங்கி வந்ததும் கேட்டேன். "சார், அக்கா பேரையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

"செத்துப் போனவங்களுக்கு விருது எதுக்கும்மா?" என்றார், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை. உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. "பேரு கெடக்குது கண்ணு, தாயும் புள்ளையும் நல்லாருந்தாச் செரி" என்று என் வாயை எத்தனை தடவை அடைத்தீர்கள்? பேரை எடுத்துக்கொண்டவன்தான் நாளைக்கு அந்த வீட்டுக்கு உத்தரவும் போடுவான் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

போட்டார். விருது வாங்கியதிலிருந்து வீட்டைப் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். புகை படிந்த சுவர் அவருக்கு அசிங்கமாக இருந்தது. அடுப்பை இடித்தார். கர்ப்பிணியைத் தவிர யாரும் தங்கக் கூடாது என்றார். "கூட ஆளு இல்லாட்டி வரமாட்டாங்க சார்" என்றேன். "திட்டம் என்னோடது. எனக்குத் தெரியாதா?" என்றார்.

ராசம்மாவை உங்களுக்குத் தெரியாது. தலைப்பிரசவம். நிறைமாச வீட்டு வாசல் வரைக்கும் அம்மாவோடு வந்தாள். டாக்டர் அம்மாவைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் அவளும் கூடவே திரும்பிவிட்டாள். மூன்றாம் நாள் ஊரில் வலி கண்டது. ஒத்தையடிப் பாதை வழியாகத் தூளியில் கொண்டு வந்து இறக்கினார்கள். குழந்தையை என் கையில்தான் வாங்கினேன் அக்கா. அது மூச்சே விடவில்லை.

மறுநாள் என் மேஜையில் ஒரு மெமோ. செவிலியரின் அலட்சியம் என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து. பேரு அவருக்கு, பழி எனக்கு!

மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார். நான் எழுதியது வேறு. வீட்டை யோசித்தது யார், அடுப்பு எதற்கு, இடித்தது யார், எல்லாவற்றையும் எழுதினேன். நம் நோட்டை நகல் எடுத்து இணைத்தேன். ராசம்மாவின் அம்மா சொன்னதை எழுதி வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினேன். டாக்டரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, இன்னொன்றை நாமக்கல்லுக்கே பஸ் ஏறிப் போய் மேலதிகாரி கையில் கொடுத்தேன்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். "இந்த அடுப்ப முதல்ல எதுக்கு வெச்சீங்க?" என்று டாக்டரைக் கேட்டார். அவர் கம்பவுண்டர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

வாசலில் நின்ற ராசம்மாவின் அம்மா சொன்னார்: "ஏனுங்க, அவரு எங்கூரு வந்ததே இல்லீங்க. இந்தச் சின்ன நர்சம்மாவும், செத்துப்போன அந்தப் பெரிய நர்சம்மாவுந்தானுங்க வருவாங்க."

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அடுப்பைக் கட்டச் சொன்னார்கள். விருது மட்டும் இன்னும் அவர் அறைச் சுவரில்தான் தொங்குகிறது. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ராசம்மாவிடமும் கேட்கவில்லை. இதை நியாயம் என்று எடுத்துக்கொள்வதா அக்கா? எனக்கு ஆறவில்லை.

ராசம்மா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். "ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேனுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? ஆனால் நான் விடமாட்டேன். வாரா வாரம் ஏறிப் போவேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன். "வாரேனுங்க" என்று அவள் வாயால் சொல்லும் வரைக்கும் போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
மல்லிகா