கோளாறு என்று ஒரு சொல்

மார்ச் 3, செவ்வாய்

வாராந்திர அழைப்பு. அந்தப் பக்கத்துத் தளபதியும் எங்கள் தளபதியும் பேசிக்கொண்டார்கள். அதாவது, அவர்களுடைய மொழிபெயர்ப்பாளரும் நானும் பேசிக்கொண்டோம். எல்லையில் விசேஷம் ஒன்றுமில்லை. வேலிக்குப் பக்கத்தில் சாலை போடுகிறார்களாம், பாறை உடைக்கிற சத்தம் கேட்டால் பதற வேண்டாம் என்றார்கள். நன்றி சொன்னோம்.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு எப்போதும் தொண்டை கட்டியே இருக்கும். வருஷக்கணக்கில் பழகிய குரல். பெயர் கேட்கக் கூடாது என்பது விதி. நானாக ‘கரகரப்பு’ என்று வைத்திருக்கிறேன்.

சாயங்காலம், எல்லைக் காவலில் இருக்கிற தம்பி மலைச் சாவடியிலிருந்து போன் செய்தான். பல்வலியாம். "எதிரி நாட்டோட பேசினது போதும்க்கா, இந்தக் கடவாப்பல்லோட ஒரு சமாதானம் பேசிக் குடு" என்றான். வாய்க்கொழுப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

மார்ச் 11, புதன்

காலையில் மலைச் சாவடி மேல் குண்டுகள் விழுந்திருக்கின்றன. தம்பி இருக்கிற சாவடி.

போன் போகவில்லை. போகவே இல்லை.

மார்ச் 12, வியாழன்

என் தம்பி அங்கேதான் இருக்கிறான் என்று தளபதியிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுக்குப் போறதுன்னா போங்கம்மா. ஆனா உங்களுக்குப் பதிலா வர்றவர் அவங்க பேச்சுல பாதியை முழுங்கிடுவார். முடிவு உங்களோடது."

வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறேன்? இருந்துவிட்டேன்.

அவசர அழைப்பு. பயிற்சியில் இருந்த தங்கள் பீரங்கிப் படை வரைபடத்தைத் தப்பாகப் பார்த்துச் சுட்டுவிட்டது, மேலிடத்து உத்தரவு இல்லை என்றார்கள். எங்கள் பக்கத்து அதிகாரி ஒருவர், "புளுகு!" என்று மேசையைத் தட்டினார். தளபதி என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன தோணுது?"

"எழுதி வச்சுப் படிக்கிற குரல் இல்ல சார். திணறுறாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அங்கே குண்டு விழுந்தது என் தம்பி மேல். இங்கே அவர்களுக்காக நான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

இரண்டு பக்கமும் பெரிய ஏவுகணைகளைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தாயிற்று. எங்கள் அறையில் யாரும் அணுகுண்டு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அது’ கிளம்பிவிட்டதா? ‘அது’ எங்கே நிற்கிறது? வீட்டில் ஒருவருக்கு வந்த வியாதியின் பெயரைச் சொல்லப் பயப்படுகிறவர்கள் மாதிரி.

வரும் வழியில் பெட்ரோல் பங்கில் தெரு முனைவரை வரிசை. மருந்துக்கடையில் பால் பவுடர் தீர்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடிகளுக்குச் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். ‘அது’ வந்தால் செய்தித்தாள் என்ன செய்யும்?

அப்பா டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டிய காலத்துத் தொண்டை, தெருவுக்கே கேட்கும். "இன்னும் என்ன பேச்சு? நம்ம ஆளுங்க கை என்ன பூப்பறிக்குதா? ஒரு போடு போட்டாத்தானே அடங்குவானுங்க!"

தம்பி மனைவிக்குப் பள்ளிக்கூடம் மூடியாயிற்று. இரண்டாம் வகுப்பு டீச்சர், ஒரு நிமிஷம் சும்மா உட்காராதவள், போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறாள். "அக்கா, நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க. ஏதாவது காதுல விழுந்துச்சா?"

"இல்லம்மா."

ராணுவப் பட்டியலில் ‘காணவில்லை’ என்று போட்டிருக்கிறார்கள். சாவடியில் இருந்த அத்தனை பேருக்கும் அதே சொல்.

மார்ச் 14, சனி

இதை எப்படி எழுத?

பேச்சு முடிகிற நேரத்தில் கரகரப்பு சொன்னார்: உங்கள் ஆள் ஒருவர் சரிவில் உருண்டு எங்கள் பக்கம் விழுந்திருக்கிறார். உயிர் இருக்கிறது. கால் போய்விட்டது. ‘அதை’ நீங்கள் உள்ளே வைத்தால் நாங்களும் வைக்கிறோம், ஆளையும் அனுப்புகிறோம்.

தளபதி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார் – பெயர் கேட்காதே.

கேட்டால் என்ன? அவர்கள் மொழியில் ஒரே ஒரு சொல். இணைப்பு இன்னும் அறுபடவில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு தளபதி வராந்தாவில் வந்து நின்றார். "பேர் கேட்டா நமக்கு அவசரம்னு தெரிஞ்சிடும். இன்னும் என்னென்னவோ கேப்பாங்க. மன்னிச்சிடுங்கம்மா."

அவன்தான். அவனாகத்தான் இருக்கணும். கால் போனா என்ன, நான் தூக்கிட்டுப் போறேன், நான் பாத்துக்கறேன். வந்தா போதும்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. சொன்னாலும் எதைச் சொல்ல?

மார்ச் 16, திங்கள்

திருப்பி அடிப்பதில்லை என்று மேலிடம் முடிவெடுத்துவிட்டது. மேசையைத் தட்டிய அதிகாரி எழுந்து வெளியே போய்விட்டார்.

மதியம் முழுக்கக் கூட்டு அறிக்கை. ‘அத்துமீறல்’ என்று எழுத வேண்டும் என்றோம். அப்படி எழுதினால் எங்கள் ஊரே எரியும் என்றார்கள். ‘விபத்து’ என்றார்கள், எங்கள் ஊர் எரியும் என்றோம். கடைசியில் இரண்டு தளபதிகளும் மொழிபெயர்ப்பாளர்கள் எங்கள் இருவரிடமே விட்டுவிட்டார்கள். இரண்டு மொழியிலும் ஒரே அளவு கனக்கிற சொல் வேண்டுமாம்.

நான்தான் சொன்னேன். கோளாறு. தொழில்நுட்பக் கோளாறு. கரகரப்பு அதை மெதுவாக அவர்கள் மொழியில் சொல்லிப் பார்த்தார். "சரிதான்" என்றார். அறையில் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்தார்கள். யாரோ டீ கொண்டுவரச் சொன்னார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

ஆளை அனுப்பிவிட்டார்கள். தம்பி இல்லை. சாவடியின் சமையல்காரர்.

மார்ச் 20, வெள்ளி

சாவடி இடிபாட்டிலிருந்து தம்பியை எடுத்தார்கள். நேற்று அடக்கம். பெட்டியைத் திறக்க விடவில்லை.

இன்று டிவியில் அந்த அறிக்கையை மறுபடி வாசித்தார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "கோளாறாம்! எம்புள்ள என்ன மிக்ஸியா, ரிப்பேராகறதுக்கு? எந்தப் படிச்ச முண்டம்டா இதை எழுதினது?"

"நான்தாம்ப்பா."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘திருப்பி அடிச்சிருந்தா இந்தத் தெருவே இருந்திருக்காதுப்பா’ என்று சொல்ல நினைத்தேன். உண்மைதான். அவரிடம் எப்படிச் சொல்ல? பெற்றவர். டிவியை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 24, செவ்வாய்

அப்பா இன்னும் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தால் சாப்பிடுகிறார்.

மார்ச் 30, திங்கள்

பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே என்றேன். தம்பி மனைவி கேட்கவில்லை, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் அவள் வருகிற பஸ்ஸுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னாள்: "எல்லாப் பசங்களும் வந்திருந்தாங்கக்கா. பேர் கூப்பிட்டேன். ஒண்ணுகூட லீவு இல்ல."

சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா வெளியே வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நின்றார்.