மாடி ஏறாமல் ஒரு பம்ப்

7-7-97, திங்கள்
காலையிலிருந்து சாரல். பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதுவே பெரிது. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மாடிப்படி கூடாது. போன வருடம் நான்காம் மாதத்தில் கரு கலைந்தது. இப்போதும் நான்காம் மாதம்.

கம்பெனியின் பம்ப் டிசைன் புரோகிராம் ஓடும் பெரிய கம்ப்யூட்டர், யூனிக்ஸ் மெஷினோ, இரண்டாம் மாடி ஏ.சி. அறையில். மானேஜரிடம் சொன்னேன்.

"அப்ப வேலைய மோகன்கிட்டக் குடுத்துப்போட்டு லீவு எடுத்துக்குங்க அம்மணி."

மோகன் என் ஜூனியர். எனக்கோ இது எட்டு மாத வேலை. இரண்டு நாள் டைம் கேட்டேன்.

8-7, செவ்வாய்
கம்ப்யூட்டர் பிரிவு செல்வராஜ் ஒரு சி.டி.யோடு வந்தார். மாடியில் ஓடும் புரோகிராமைக் கீழே என் விண்டோஸ் பி.சி.யிலேயே திறக்கலாமாம்.

"புரோகிராம் அங்கயேதான் ஓடுமுங்க. படம் மட்டும் இங்க தெரியும்."

மத்தியானம் வரை வெறும் சாம்பல் திரை, நடுவில் ஒரு பெருக்கல் குறி. டிஸ்ப்ளே திறக்க முடியவில்லை என்ற செய்தியே திரும்பத் திரும்ப. பாவம், ஆறு தடவை மாடி ஏறி இறங்கினார். கடைசியில் பார்த்தால் மாடியில் அடித்திருந்த என் பி.சி.யின் நெட்வொர்க் நம்பரில் ஒரு இலக்கம் தப்பு.

4.10. திறந்தது! என் பம்ப். வேறு விண்டோவைத் தொட்டால் பச்சையெல்லாம் ரோஸ் ஆகிறது. ஆகட்டும்.

9-7, புதன்
இடுப்பு வலி. 11.20க்குப் படம் பட்டென்று மறைந்தது. டெமோ சி.டி.யாம், இரண்டு மணி நேரத்தில் தானே மூடிக்கொள்ளுமாம். சேவ் செய்யாதது எல்லாம் போச்சு. அழுகை வந்தது.

டெமோ இல்லாத முழு சி.டி. வாங்கித் தரச் சொன்னேன். மானேஜர்: "எதுக்குங்க? மோகன் மாடி ஏறுவானில்ல?"

10-7, வியாழன்
இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி திறப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு சேவ். அவ்வளவுதான் இன்று.

11-7, வெள்ளி
கால் வீக்கம், அட்டைப்பெட்டி மேல் நீட்டி வைத்தபடி வேலை. மூன்று மணிக்கு முடிந்தது. கடைசியாக டிராயிங் ஓரத்தில் வரைந்தவர் பெயர்க் கட்டத்தைப் பார்த்தேன். மோகன் பெயர். பக்கத்தில் தேதி 7-7. திங்களன்றே மாற்றியிருக்கிறார்கள்.

அழித்து என் பெயரை அடித்தேன். சேவ். மோகனுக்கு போன் போட்டேன். இறங்கி வந்தார்.

"மானேஜர்தான் போடச் சொன்னாருங்க அக்கா. நான்..."

"நான் மாத்திட்டேன் மோகன்."

திரையைப் பார்த்தார். அட்டைப்பெட்டியைப் பார்த்தார்.

"பிரிண்டர் மாடியிலதானுங்க இருக்குது. இருங்க, நான் எடுத்தாரேன்."

கொண்டு வந்தார். என் பெயர். மை இன்னும் காயவில்லை.