நைஜீரியத் தலைக்கட்டு

12 ஒக்ரோபர், ஞாயிறு

பிறம்ரனில் சம்பந்தி வீட்டுக்குப் போய்வந்தோம். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என் மகள் நிலாவைக் கட்டப்போகிற கோஃபியின் தாய் எஃபுவா, கானாவில் குமாசி நகரத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்கென்று இணையத்தில் வாங்கிய பெரிய, விறைப்பான தலைக்கட்டை நிலா அவரிடம் நீட்டினாள்.

"இது நைஜீரியாக்காரருடையது. நாங்கள் கெந்தே துணிதான் உடுப்போம்," என்றார் எஃபுவா ஆங்கிலத்தில்.

"எல்லா வீடியோவிலும் இதுதான், அம்மா. ஆபிரிக்கக் கல்யாணம் என்றால் இப்படித்தான்," என்றான் கனடாவிலேயே பிறந்த கோஃபி.

"குமாசியில் கல்யாணம் கட்டினது நீயா, நானா?"

நிலா என் காதில், "அம்மா, நீங்க சொன்னா அவ கேப்பா. ஒருக்காச் சொல்லுங்கோவன், பிளீஸ்," என்றாள்.

எஃபுவாவும் என்னைத்தான் பார்த்தார். "உங்கள் வீட்டிலும் பிள்ளைகள்தான் வழக்கம் சொல்லித் தருகிறார்களா?"

ஆம் என்றிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் கண்டிராத வடஇந்திய மஞ்சள் பூசும் விழாவுக்கு நிலா மண்டபம் பிடித்து ஒரு மாதமாகிறது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. இன்றும் சண்டை வேண்டாமென்று, "பிள்ளைகளின் ஆசைதானே," என்றேன்.

அவர் தலையைக் குனிந்து கட்டவிட்டார். எல்லோரும் நின்று படம் எடுத்தோம்.

இப்போது பார்த்தால், நிலா அந்தப் படத்தைக் 'கானாப் பாரம்பரியம்' என்று இணையத்தில் போட்டிருக்கிறாள். கீழே யாரோ ஒரு பெண், தன் கானா மாமிக்கும் இதையே வாங்கப்போகிறாளாம். படத்தில் எஃபுவா சிரிக்கவில்லை. பக்கத்தில் நான் நன்றாகவே சிரிக்கிறேன்.