வேலி வெட்டிய செவ்வாய்க்கிழமை

மார்ச் 2

காலை பத்து மணிக்கு வாசல் மணி. பக்கத்துக் கட்டடத்துச் சிறுவர் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர். இருபத்தைந்து வயது இருக்கலாம். செருப்பில் மண், தலையில் ஒரு காய்ந்த இலை. இலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

வசந்தம் தொடங்கிவிட்டதாம். பிள்ளைகளுக்குப் பூச்சி, பறவை எல்லாம் காட்ட வேண்டுமாம். பள்ளியில் வெறும் சிமென்ட் தரை. புதன்தோறும் ஒரு மணி நேரம் என் தோட்டத்தைத் தர முடியுமா என்று கேட்டாள்.

"எத்தனை பேர்?"

"பன்னிரண்டு பேர்தான் மேடம். ஆறு வயசு, ஏழு வயசு. சமத்துப் பிள்ளைங்க."

"டீச்சருங்க சமத்துன்னு சொல்ற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கேன்."

சிரித்தாள். சிரிப்பதற்காக நான் சொல்லவில்லை.

அவள் வேலை தற்காலிகமானது. இந்தப் பருவம் முழுவதும் தோட்ட வகுப்பு நடத்தி, ஏப்ரல் பதினைந்தாம் தேதி பெற்றோரை அழைத்து வந்து காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் தலைமை ஆசிரியை வேலையை நிரந்தரமாக்குவாள். இதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் ஓட்டை.

அவர் போய் இரண்டு வருடம். தோட்டத்தில் நடப்பதற்கு என்னையும் தோட்டக்காரனையும் தவிர ஆள் இல்லை. சரி என்றேன். ஆறு நிபந்தனைகள் போட்டேன்.

மார்ச் 4

பதினொரு பிள்ளைகள் வந்தன. ஒன்றுக்குச் சளி.

ஆறு நிபந்தனைகளையும் முத்து முத்தாக எழுதித் தோட்டக் கதவில் ஒட்டியிருந்தேன். டீச்சர் அதைப் பாட்டாகப் பாடிக் காட்டினாள். நிபந்தனையைப் பாடுவதா? நான் படித்த கான்வென்ட்டில் மதர் காதில் விழுந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

பிறகு ஒரு வெள்ளைத் துணியைப் புதருக்கு அடியில் விரித்துக் கிளையை லேசாக உலுக்கினாள். பச்சைப் புழு, சிலந்தி, பொறிவண்டு, குச்சியைப் போலவே ஒரு பூச்சி — மழை மாதிரி விழுந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். முப்பத்தெட்டு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அந்தக் குச்சிப் பூச்சியை இன்றைக்குத்தான் பார்த்தேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை.

மார்ச் 11

சிலந்தி வலையில் ஒரு தும்பி மாட்டியிருந்தது. டீச்சர் பிள்ளைகளை வேறு பக்கம் திருப்பப் பார்த்தாள். நான் விடவில்லை. தோட்டம் என்றால் பட்டாம்பூச்சி மட்டும் என்று நினைத்துக்கொண்டு வளரக் கூடாது. சிலந்தி சுற்றிக் கட்டி முடிக்கும்வரை எல்லோரையும் நிற்க வைத்தேன். இரண்டு அழுதன.

ஒருத்தி மட்டும் மூக்கு வலையில் இடிக்கிற அளவு கிட்டப் போனாள்.

"அதுக்கு வலிக்குமா?"

"வலிக்கும்."

"அப்ப எடுத்து விட்டுடலாமா?"

"விட்டா சிலந்தி என்ன சாப்பிடும்?"

யோசித்தாள். "எங்க வீட்டுல பிஸ்கட் இருக்கு."

டீச்சர் அவளை 'வால்' என்று கூப்பிடுகிறாள். பொருத்தம்தான்.

மார்ச் 18

வேலிச்செடிக்குள் குருவிக் கூடு. கண்டுபிடித்தது வால். மூன்று முட்டை. டீச்சர் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொருவராகக் கோட்டில் நின்று இருபது எண்ணும்வரை மட்டும் பார்க்கலாம் என்றாள். ஒரு பிள்ளைகூட மூச்சு விடவில்லை. நல்ல ஒழுங்கு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாலுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. நத்தை, மண்புழு, உதிர்ந்த மொட்டு — எதைக் கண்டாலும் உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு பேச்சு. இன்று ஒரு நத்தையிடம், "உன் வீட்டுல ரூம் எத்தனை?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கூட்டை மட்டும் தொடவில்லை.

மார்ச் 25

இன்று பிள்ளைகளைப் புல்லில் படுக்க வைத்துக் கண்ணை மூடிச் சத்தங்களை எண்ணச் சொன்னாள் டீச்சர். உடை பாழாகும் என்று சொல்வதற்காகப் பின்வாசல் வழியாக இறங்கினேன். ஒரு பையன் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "ஏய், ஸ்கேல் பாட்டி வராங்க! நேராப் படு!" என்றான். பதினொன்றும் ஸ்கேல் மாதிரி விறைத்துக்கொண்டன. பிறகு ஒரே சிரிப்பு.

டீச்சர் அதட்டவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்த்தேன்.

நான் யாருக்கும் பாட்டி இல்லை. அதற்காக அவரும் நானும் பார்க்காத டாக்டர் இல்லை.

ஏப்ரல் 1

மூன்று முட்டையும் பொரிந்து குஞ்சுகள் வந்துவிட்டன. சிவப்பாய், இறகில்லாமல், பார்க்கவே சகிக்கவில்லை. வாயை மட்டும் திறக்கத் தெரிகிறது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் டீச்சரைச் சுற்றியே நின்றார்கள். தோட்டம் யாருடையது?

ஏப்ரல் 5

தோட்டக்காரனிடம் வேலியைச் செவ்வாய்க்கிழமை வெட்டச் சொன்னேன்.

"கூடு இருக்கேம்மா. இன்னும் பத்து நாள்ல குஞ்சுங்க பறந்துடும். பதினாலாம் தேதி ஒரே மூச்சுல முடிச்சுத் தந்துடறேன்."

"பதினைஞ்சாம் தேதி பெத்தவங்க வராங்க. வெட்டின மறுநாள் வேலி எப்படி இருக்கும்? நுனியெல்லாம் காஞ்சு கருகிக் கிடக்கும். ஒரு வாரம் போனாத்தான் பச்சை பிடிக்கும். உனக்குத் தெரியாததா?"

"கூட்டைச் சுத்தி மட்டும் ஒரு முழம் விட்டுடவா?"

"நடுவுல மேடு விட்டா அது வேலியா, ஒட்டகமா?"

தலையைச் சொறிந்தான். பத்தொன்பது வருடமாக இங்கே வேலை செய்கிறான். என்னிடம் இரண்டு முறைக்கு மேல் எதிர்த்துப் பேச மாட்டான். அந்த இரண்டும் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 7

வேலி முடிந்தது. நூல் கட்டி வெட்டியிருக்கிறான். மட்டப்பலகை வைத்தாலும் குறை சொல்ல முடியாது. கூடு அப்படியே இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. மேலே இலை மட்டும் இல்லை.

எனக்கு வைத்த அந்தப் பட்டப்பெயருக்கும் வேலிக்கும் சம்பந்தம் இல்லை. வருடா வருடம் ஏப்ரல் முதல் வாரம் வெட்டுவதுதான். இதை எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஏப்ரல் 8

பத்தேகாலுக்கு வந்தார்கள். கோட்டில் வரிசை. முதலில் நின்ற பிள்ளை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே காக்கை இறங்கியது. ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்து — எல்லோர் கண்முன்னாலும் — பிறகு திரும்ப வந்து இரண்டாவதை. டீச்சர் ஓடினாள், கையை வீசினாள், பிள்ளைகள் அலறினார்கள். தாய்க்குருவி காக்கையின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. அதனால் என்ன முடியும்?

மூன்றாவது கீழே விழுந்தது. வால் எடுத்துவிட்டாள்.

"கீழே போடு அதை" என்றேன்.

போடவில்லை. இரண்டு கையையும் கூடு மாதிரி குவித்து, வாயைக் கிட்டே வைத்து ஊதினாள். சூடு வேண்டுமாம்.

"இருக்கட்டும் மேடம்" என்றாள் டீச்சர், என்னைப் பார்க்காமலே. "கொஞ்ச நேரம் வெச்சிருக்கட்டும்."

கொஞ்ச நேரம்தான் இருந்தது.

டீச்சர் வேலியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என்னத்துக்கு அப்படிப் பார்க்கணும்? என் வேலி, என் வீடு. வாயைத் திறந்து கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேனே! பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

ஏப்ரல் 9

தலைமை ஆசிரியை போன் செய்தாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் அழுகையை நிறுத்தவில்லையாம். ஒரு தகப்பன் பள்ளிக்கே வந்து சத்தம் போட்டானாம்.

"டீச்சரைக் கேட்டா, வேலி வெட்டியிருந்ததுன்னு மட்டும் சொல்றா மேடம். வேற எதுவும் சொல்ல மாட்டேங்கறா. நீங்க பெரியவங்க. நடந்ததை நாலு வரி எழுதிக் கொடுத்தா எனக்கு நல்லது."

எழுதினேன். நல்ல பேனாவில், நல்ல தாளில்.

'புதன்கிழமை காலை பத்தேகாலுக்குப் பிள்ளைகள் கூட்டின் அருகில் இருந்தனர். அவர்களில் ஒரு சிறுமி குஞ்சைக் கையில் எடுத்தாள். விடும்படி நான் கூறியும் விடவில்லை. டீச்சர் அவளைத் தடுக்கவில்லை. குஞ்சு அவள் கையிலேயே இறந்தது. வேலி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் வாரத்தில் வெட்டப்படுவது வழக்கம்.'

ஆறு வாக்கியம். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒன்றிலும் பொய் இல்லை. காக்கையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 11

டீச்சர் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் என் கடிதத்தின் நகல்.

"மேடம், கூட்டைப் பிள்ளைங்க கலைச்சதா ஹெட்மிஸ்ட்ரஸ் புரிஞ்சுக்கிட்டாங்க. இப்ப நானும் பிள்ளைங்களும் காக்கான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க ஒரே ஒரு போன் பண்ணுங்க. காக்கா வந்ததை மட்டும் சொல்லுங்க. வேலியைப் பத்திக்கூட வேண்டாம்."

"நான் எழுதினதுல எது பொய்? விரலை வெச்சுக் காட்டு."

தாளைப் பார்த்தாள். முழுவதும் படித்தாள். விரல் வரி வரியாக நகர்ந்தது.

"எதுவும் இல்ல மேடம்."

"பின்னே?"

"எனக்காகக் கேக்கல. என் வேலை போனாப் போகட்டும். அந்தப் பொண்ணு தான்தான் கொன்னுட்டோம்னு நினைச்சிட்டிருக்கா."

"வேலை போனாப் போகட்டும்னு சொல்றவங்க வீடு தேடி வந்து நிக்க மாட்டாங்க."

அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஒரு நிமிடம் இனித்தது. மறைப்பானேன், இது என் நோட்டு.

அவள் போன பிறகு தோட்டக்காரன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, நான்தான் தெரியாம வெட்டிட்டேன்னு அந்த ஸ்கூல்ல போய்ச் சொல்லிடவா? எனக்கென்ன, கூலிக்காரன்."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"இல்லம்மா."

"அப்ப குழாயை மூடிட்டுப் போ. தண்ணி வழியுது."

ஏப்ரல் 15

யாரும் வரவில்லை. வேலி நன்றாகப் பச்சை பிடித்துவிட்டது.

ஏப்ரல் 18

வாலும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா தையல் வேலை செய்பவள் போல. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. பள்ளியில் மன்னிப்புக் கேட்டு வரச் சொன்னார்களாம். டீச்சர் நேற்றோடு நின்றுவிட்டாளாம்.

"அவ சொல்றதைக் கேட்டுடுங்கம்மா. பத்து நாளா ஒழுங்காச் சாப்பிடல. நீங்க மன்னிச்சாச்சுன்னு சொன்னா சரியாயிடும். சொல்லுடி."

குழந்தை தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தது.

"நிமிர்ந்து நின்னு சொல்லு" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

நிமிர்ந்தது. "நான் தொட்டதால குருவி செத்துப்போச்சு. நான் இனிமே எதையும் தொட மாட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

தோட்டக்காரன் வேலிப்பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். ஒரே வாக்கியம். 'காக்காதாம்மா, நீயில்ல.' இல்லை, அதுகூட வேண்டாம், 'நீயில்ல' என்றால் போதும். ரெண்டே சொல். ஏன் வரல? நாக்கு அங்கேதான இருந்துச்சு? அந்த அம்மாக்காரி எதிர்ல, அவன் எதிர்ல — எழுபத்து நாலு வயசுல — என் கையெழுத்துப் போட்ட தாளை நானே தப்புன்னு சொல்றதா?

"பரவாயில்லை, மன்னிச்சேன்" என்றேன்.

அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றாள்.

தோட்டக்காரன் பாதிக் களையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினான். சாயங்காலம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான்.

ஏப்ரல் 22

புதன். தோட்டக்காரன் நான்காவது நாளாக வரவில்லை.

பத்து மணிக்கு மாடி ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்து பள்ளியின் சிமென்ட் முற்றம் தெரியும். பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புது டீச்சர் கரும்பலகையில் ஒரு பட்டாம்பூச்சி வரைந்து போட்டிருந்தாள். எல்லோரும் அதைப் பார்த்து வரைந்தார்கள். சத்தமே இல்லை. நான் முதல் நாள் நிபந்தனையாகக் கேட்ட அமைதி.

மணி அடித்ததும் முற்றத்தின் ஓரத்தில் ஏதோ ஊர்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் வரிசை கலைந்து ஓடிக் குனிந்தார்கள். கடைசியில் நின்ற ஒரு பையன் திரும்பிப் பார்த்து வாலைக் கூப்பிட்டான். அவள் போனாள். ஆனால் கிட்டப் போகவில்லை. நான்கு அடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் மற்றதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் அவளை அப்படி நிற்கச் சொல்லவில்லை. மணி மறுபடி அடிக்கும்வரை அப்படியே நின்றாள். நானும் நின்றேன்.